புயல் நேரத்தில் ஹாம் ரேடியோ: புதிதாக வந்தவன் எங்கே தொடங்குவது?

புதியஅலை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சமீபத்தில்தான் ஹாம் ரேடியோ (தனிநபர்கள் உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகவும் சேவையாகவும் நடத்தும் வானொலித் தொடர்பு) தேர்வு எழுதி கால்சைன், அதாவது எனக்கான அழைப்புக் குறியீடு, வாங்கினேன். கையில் ஐந்து வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) ஒன்று இருக்கிறது, ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) மாலை நேரத்தில் நான்கைந்து பேரோடு பேசிப் பழகியாகிவிட்டது. நான் இதற்குள் வந்ததே புயல், வெள்ளம் என்று ஏதாவது வந்தால் கைகொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் எல்லாம் செயலிழந்த பிறகும் நிற்பது ஹாம் ரேடியோ மட்டும்தான் என்கிறார்கள், இன்னொரு பக்கம் சாட்டிலைட் போன் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். எது உண்மை என்று தெரியவில்லை.

சில சந்தேகங்கள். கடும் இடிமழை வரும்போது வானத்தைப் பார்த்துத் தகவல் சொல்லும் தன்னார்வலர்கள் இருக்கிறார்களே, ரேடாரும் செயற்கைக்கோளும் இருக்கும்போது ஒரு ஆள் ரோட்டோரம் நின்று பார்த்துச் சொல்வதில் கூடுதலாக என்ன கிடைக்கிறது? அப்புறம், நான் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லை முதலில் பெரிய செட்டும் ஆண்டெனாவும் வாங்க வேண்டுமா? கடைசியாக, எங்காவது பேரிடர் என்று கேள்விப்பட்டால் செட்டை எடுத்துக்கொண்டு நானே கிளம்பிப் போகலாமா?

அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேகநோக்கி:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தப்பாகப் புரிந்துவைத்திருப்பது இதைத்தான்.

ரேடார் தரையைப் பார்ப்பதில்லை. ரேடார் கற்றையின் மிகத் தாழ்ந்த கோணம் வழக்கமாக அரை டிகிரி அளவில் இருக்கும். அது போகப் போக உயர்ந்துகொண்டே போகும், பூமியும் கீழே வளைந்துகொண்டே போகும். ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி அந்தக் கற்றை தரைக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போகிறது, 150 கிலோமீட்டரில் இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல். மேகத்துக்குள் காற்று சுழல்வதை வானிலை அலுவலர் திரையில் பார்த்துவிடுவார். ஆனால் அந்தச் சுழற்சி தரையைத் தொட்டதா, மேலே தெரிந்த ஆலங்கட்டி கீழே வருவதற்குள் கரைந்ததா, ஓடையில் தண்ணீர் ரோட்டுக்கு மேல் ஓடுகிறதா என்பதெல்லாம் கீழே நிற்கும் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். எச்சரிக்கை கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர் தயங்கும் நேரத்தில் நம்பகமான ஒரே ஒரு தகவல் வந்தால் போதும், முடிவு மாறிவிடும்.

இதற்காகத்தான் அமெரிக்காவில் தேசிய வானிலைச் சேவை ஸ்கைவார்ன் என்ற திட்டத்தை நடத்துகிறது. பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் மூன்றரை முதல் நான்கு லட்சம் பேர் வரை இருப்பதாக அந்த அமைப்பே சொல்கிறது. பயிற்சி இலவசம், இரண்டு மணி நேர வகுப்பு. ஹாம் லைசென்ஸ் கட்டாயம் இல்லை, போனிலும் தகவல் சொல்லலாம். ஆனால் ஒரு ஊருக்குள் இருபது பேர் ஒரே நேரத்தில் பார்ப்பதை வரிசைப்படுத்தி அலுவலகத்துக்குக் கொண்டுபோக ரேடியோ நெட் (ஒரே அலைவரிசையில் பலர் கூடிப் பேசும் ஏற்பாடு) போல எதுவும் உதவாது, ஏனென்றால் ஒருவர் சொல்வதை மற்ற பத்தொன்பது பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பல வானிலை அலுவலகங்களில் ஹாம்களுக்கென்றே ஒரு மேசை இருக்கிறது.

என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் பயிற்சி தேவைப்படுகிறது. கறுப்பாக ஏதாவது தொங்கினாலே சுழற்காற்று என்று பதறுபவர்கள் அதிகம். இடிமேகத்துக்குக் கீழே கிழிந்த துணி மாதிரி மேகத் துண்டுகள் தொங்கும், அவற்றால் ஆபத்து இல்லை. தூரத்தில் பெய்யும் மழைத்திரை கூடப் புனல் போலத் தெரியும். ஒரு கம்பத்தையோ மரத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் அசையாமல் பாருங்கள். அந்த மேகம் ஒரு அச்சைச் சுற்றித் திரும்புகிறதா, அல்லது காற்று தள்ளுகிற பக்கம் நகர்கிறதா? சுழற்சி தெரியாவிட்டால் சுழற்காற்று என்ற வார்த்தையை மைக்கில் சொல்லவே சொல்லாதீர்கள். மழைக்கு முன்னால் அலமாரித் தட்டு போல நீளமாக வருவது பலத்த காற்றின் முன்னோடி. மழை இல்லாத அடிப்பகுதியிலிருந்து சுவர் போல இறங்கி, அங்கேயே நின்று சுழல்வதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது.

ஆலங்கட்டியை ஊகிக்காதீர்கள், அளவுகோல் வைத்து அளந்து சொல்லுங்கள். அமெரிக்காவில் 2010 முதல் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் இருந்தால்தான் கடும் புயல் கணக்கில் வரும். காற்று என்றால் மணிக்கு 93 கிலோமீட்டர். காற்று வேகத்தை எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள், அது மனித இயல்பு. கருவி இல்லையென்றால் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். முழு மரமும் ஆடினால் 50லிருந்து 60, சிறு கிளைகள் முறிந்து காற்றுக்கு எதிரே நடக்கவே கஷ்டமாக இருந்தால் 62லிருந்து 74, மரம் வேரோடு சாய்ந்தால் 89க்கு மேல். பியூஃபோர்ட் அளவுகோல் என்று தேடினால் முழு அட்டவணையும் கிடைக்கும், அச்செடுத்து வண்டியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நெட்கன்ட்ரோல்:

மேகநோக்கி சொன்னதை மைக்கில் எப்படிச் சொல்வது என்று நான் சொல்கிறேன். புயல் நெட்டைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: முதலில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாட்டு நெட் திறந்துவிட்டால் அலைவரிசை முழுக்க ஒருவர் கையில் இருக்கிறது. அவர் கூப்பிட்டால் பேச வேண்டும். கூப்பிடாதபோது, அவர் கேட்டிருக்கும் அளவுக்குத் தகவல் இருந்தால் மட்டும் கால்சைன் சொல்லி உள்ளே வர வேண்டும். "இங்கே லேசான தூறல்", "இங்கே இன்னும் மழை வரவில்லை" என்று பத்துப் பேர் சொல்ல ஆரம்பித்தால், பதினொன்றாவது ஆள் கூரை பறந்ததைச் சொல்ல இடம் கிடைக்காது. நல்ல புயல் நெட்டில் நீண்ட நேரம் யாருமே பேசமாட்டார்கள். நெட் சரியாக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஒரு நல்ல தகவல் எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டுகிறேன்:

"நெட் கன்ட்ரோல், வானிலைத் தகவல்."
"கேட்கிறேன், சொல்லுங்கள்."
"நெடுஞ்சாலைப் பாலத்துக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டர். நேரம் 16:42. ஆலங்கட்டி விழுகிறது, பெரியது 25 மில்லிமீட்டர், அளந்தேன். சிறு கிளைகள் முறிகின்றன, காற்று 70 என்று மதிப்பிடுகிறேன். நான் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறேன். முடிந்தது."

அவ்வளவுதான். எங்கே, எப்போது, என்ன, அளந்ததா மதிப்பிட்டதா. "அளந்தேன்", "மதிப்பிடுகிறேன்" என்ற இரண்டு சொல்லுக்கும் வானிலை அலுவலர் கொடுக்கும் எடை வேறு வேறு, அதனால் அதை விடவே கூடாது. இடத்தைச் சொல்லும்போது உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளத்தைச் சொல்லாதீர்கள், வரைபடத்தில் விரல் வைக்க முடிகிற மாதிரி சொல்லுங்கள். நீங்கள் கிழக்கே நின்றுகொண்டு மேற்கே பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேகத்தைப் பார்த்தால், இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கிற இடத்தில்தான் மேகம் என்று நினைத்து எச்சரிக்கை தப்பான ஊருக்குப் போய்விடக்கூடும்.

அப்புறம் சின்னச் சின்னப் பழக்கங்கள். பட்டனை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் ரிப்பீட்டர் விழிப்பதற்குள் முதல் வார்த்தை போய்விடும், பெரும்பாலும் அது உங்கள் கால்சைனாகத்தான் இருக்கும். ஒருவர் முடித்ததும் பாய்ந்து விழாமல் ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள், அவசரத் தகவல் உள்ளவர் அந்த இடைவெளியில்தான் நுழைய முடியும். உங்கள் ஹேண்டியில் ரிவர்ஸ் பட்டன் இருந்தால் அதைப் பழகிக்கொள்ளுங்கள். ரிப்பீட்டர் வழியாகப் பேசும் ஒருவரை அவருடைய அனுப்பு அலைவரிசையிலேயே நேரடியாகக் கேட்க முடிகிறதா என்று அது காட்டிவிடும். ரிப்பீட்டர் மின்னலில் போய்விட்டால் யாரோடு சிம்ப்ளெக்ஸில் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாக) பேச முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை, இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

மின்கம்பி:

உற்சாகத்தைக் கெடுக்க விரும்பவில்லை, ஆனால் மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். நான் அவசரச் சேவைத் துறை ஒன்றின் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவன். இப்போது எங்கள் ஆட்களுக்குச் சொந்த டிஜிட்டல் ரேடியோ இருக்கிறது, சாட்டிலைட் டெர்மினல் வண்டியோடு வருகிறது, நடமாடும் செல்போன் கோபுரங்கள் ஒரு நாளுக்குள் நிறுத்தப்படுகின்றன. இந்த நிலையில் யாரும் அழைக்காமல் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நாலு ஆண்டெனா வைத்த வண்டியில் வந்து நிற்கும் தன்னார்வலருக்குச் சாப்பாடும் படுக்க இடமும் நாங்களே தேட வேண்டியிருக்கிறது. வரும் எல்லோரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் யார், என்ன பயிற்சி, எதை ஒப்படைக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாத ஆளிடம் மருத்துவமனைச் செய்தியைக் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது.

ஆகவே மூன்றாவது கேள்விக்கு என் பதில்: தானாகக் கிளம்பாதீர்கள்.

பழையசாவி:

மின்கம்பி சார் சொன்னதில் கடைசி வரியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். முதல் பாதியோடு இல்லை.

சாட்டிலைட் டெர்மினல் வரும், சரி. அது வந்து சேரும் வரைக்கும் உள்ள நேரத்தைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். கரண்ட் போனால் செல்போன் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், ஃபைபர் அறுந்தால் பேட்டரி இருந்தும் பயனில்லை, எதுவுமே அறாமல் இருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் டயல் செய்தால் யாருக்கும் லைன் கிடைக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவும் அந்தமான் போர்ட் பிளேரில் இருந்தார்கள். அரிய இடத்திலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக அனுமதி வாங்கிப் போன குழு அது, பேரிடருக்காகப் போனது இல்லை. ஆண்டெனா ஏற்கெனவே கட்டியிருந்தது, செட் ஓடிக்கொண்டிருந்தது, கையாளத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். தீவுகளின் தொடர்பு அறுந்தபோது அரசு நிர்வாகத்துக்கும், உறவினரைத் தேடித் தவித்த குடும்பங்களுக்கும் அவர்கள்தான் பாலமாக இருந்தார்கள். வெளியிலிருந்து வண்டியில் வரும் ஹாம் தொந்தரவாக இருக்கலாம், அங்கேயே இருக்கும் ஹாம் அப்படி இல்லை. தம்பி, உங்கள் தெருவில் உங்கள் வீட்டில் பேட்டரியோடு ஓடும் ஒரு நிலையம் இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

அழைக்கப்பட்டுப் போவதும் உண்டு. 2017ல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப்போட்ட பிறகு, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டுக்கொண்டதால்தான் ஏஆர்ஆர்எல் (அமெரிக்க ஹாம்களின் தேசியச் சங்கம்) 22 பேரை அனுப்பியது. ஏஆர்ஆர்எல்லுக்கு 1935லிருந்தே அவசரச் சேவைப் பிரிவு இருக்கிறது. பிரிட்டனில் ரேநெட் என்ற ஹாம் அவசரத் தொடர்புக் குழு 1953 வெள்ளத்துக்குப் பிறகு உருவானது. இவர்கள் நிலைத்து நிற்பதற்குக் காரணம் முன்கூட்டியே அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசி, வருடாவருடம் ஒத்திகை பார்த்து, முகம் தெரிந்த ஆட்களாக இருப்பதுதான். மின்கம்பி சார் எதிர்பார்ப்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

சூறாவளிக்கென்றே 1965லிருந்து ஹரிகேன் வாட்ச் நெட் ஓடுகிறது, 14.325 மெகாஹெர்ட்ஸில். புயல் கரையை நெருங்கும்போது கரீபியன் தீவுகளில் இருக்கும் ஹாம்கள் காற்று வேகம், காற்றழுத்தம் எல்லாம் அளந்து சொல்ல, மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையத்துக்குள்ளேயே 1980 முதல் இருக்கும் ஹாம் நிலையம் அதை வாங்கிப் புயல் வல்லுநர் கையில் கொடுக்கிறது. செயற்கைக்கோள் படம் எல்லாம் இருக்கிற மையம்தான் அது. இருந்தும் தரையில் ஒரு பாரோமீட்டரைப் படித்துச் சொல்லும் ஆள் அவர்களுக்குத் தேவைப்படுகிறார். 14.325ஐ வெறுமனே கேட்டாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம், கேட்க மட்டும் போங்கள், புயல் பாதையில் இல்லாத நிலையங்கள் அங்கே வாய் திறக்கக் கூடாது. அதேபோல 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸ் உலகம் முழுவதும் அவசரத் தொடர்புக்கு மையமாகச் சொல்லப்பட்டவை. பேரிடர் நேரத்தில் அந்தப் பக்கம் சாதாரண அரட்டைக்குப் போகாமல் இருப்பதே ஒரு உதவி.

செட் விஷயம். உங்கள் ஐந்து வாட் ஹேண்டியும் நல்ல ரிப்பீட்டரும் ஊருக்குள் போதும். அதோடு வரும் குட்டி ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, கூரை மேல் ஒரு சாதாரணக் கால் அலைநீள ஆண்டெனா வைத்தால் கிடைக்கும் மாற்றம், செட்டை மாற்றுவதால் கிடைப்பதைவிட அதிகம். மலைக்கு அந்தப் பக்கம், 200 கிலோமீட்டர் தள்ளி என்று வந்தால் விஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) போகாது. அப்போது அலைநீளம் 40 மீட்டர், 80 மீட்டர் உள்ள பேண்டுகள்தான். இதில் புதியவர்கள் எல்லோரும் ஆண்டெனாவை எவ்வளவு உயரம் ஏற்றலாம் என்றே யோசிப்பார்கள். பக்கத்து மாவட்டத்தைப் பிடிக்க வேண்டுமானால் தாழ்வாகக் கட்டுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீட்டர் நீள டைபோல் (நடுவில் இணைப்புள்ள கம்பி ஆண்டெனா), தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரம், இரண்டு மரத்துக்கு நடுவே. அலை நேராக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு மழை மாதிரி சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும், மலையும் பள்ளத்தாக்கும் தடையே இல்லை. பகலில் 40, இரவில் 80. ஒரு கயிறு, கம்பி, கோஆக்ஸ் கேபிள் இருந்தால் அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம்.

மின்சாரத்தைக் கணக்குப் போடாமல் இருக்காதீர்கள். 100 வாட் செட் அனுப்பும்போது ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும், சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் ஒரு ஆம்பியர். ஒரு நாள் முழுக்கக் கேட்பதற்கே 24 ஆம்பியர் மணி போய்விடுகிறது. அதனால் 20 வாட்டில் பேசிப் பழகுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

மேகநோக்கி:

பாதுகாப்பு பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் இன்னொரு முறை வருகிறேன். புயலைப் பார்ப்பது வேறு, துரத்துவது வேறு. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவில் எல் ரெனோ அருகே வந்த சுழற்காற்று நான்கு கிலோமீட்டருக்கும் மேல் அகலமாக விரிந்து, திடீரென்று திசையும் வேகமும் மாறியது. டிம் சமாராஸ், அவர் மகன் பால், உடன் பணிபுரிந்த கார்ல் யங் மூவரும் அதில் இறந்துபோனார்கள். சுழற்காற்றை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் சமாராஸ். அவருக்கே அப்படி என்றால் இரண்டு மணி நேர வகுப்பு முடித்த நாம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இருட்டிய பிறகு வெளியே நிற்காதீர்கள். வண்டி ஓட்டுபவரே பார்க்கவும் பேசவும் கூடாது, இன்னொருவர் வேண்டும். திரும்பி ஓட ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும், முட்டுச்சந்தில் நிறுத்தவே கூடாது. ரோட்டில் ஓடும் தண்ணீருக்குள் வண்டியை இறக்காதீர்கள், 15 சென்டிமீட்டர் ஓடும் நீர் ஆளைச் சாய்க்கும், 30 சென்டிமீட்டர் சின்னக் காரைத் தூக்கிக்கொண்டு போகும். இடி கேட்டால் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லும் தகவலும் தகவல்தான்.

புதியஅலை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கப்பட்ட ஊரில் தங்கள் சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று மக்கள் கேட்பார்களே, அதை எப்படிக் கையாள்வது? காயம்பட்டவர், இறந்தவர் பெயரையெல்லாம் ரேடியோவில் சொல்லலாமா?

நெட்கன்ட்ரோல்:

நல்ல கேள்வி தம்பி. நாம் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஹாம் பேண்டில் பொருளை மறைக்கும் குறியீடு பொதுவாக அனுமதியும் இல்லை. ஒரு அம்மா தன் மகன் இறந்ததை யாரோ வைத்திருக்கும் ஸ்கேனரிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் இறந்தவர் பெயரை அலையில் சொல்லவே கூடாது. அதைச் சொல்ல வேண்டிய முறையான ஆட்கள் இருக்கிறார்கள்.

மற்ற செய்திகளுக்கு வரிசை உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட அவசரம் முதலில், நேரக் கெடு உள்ள முக்கியச் செய்தி அடுத்தது, நலம் விசாரிப்பு அதற்குப் பிறகு, மற்றதெல்லாம் கடைசி. நலச் செய்தியில் ஒரு நடைமுறை சொல்கிறேன். வெளியிலிருந்து உள்ளே "அவர் எப்படி இருக்கிறார்" என்று கேள்விகளைக் குவிக்காதீர்கள், உள்ளே இருப்பவருக்குப் போய்த் தேட நேரம் இருக்காது. முகாமிலிருந்து வெளியே "நான் நலம்" என்று வரும் செய்திகளுக்கு முதலிடம் கொடுங்கள். ஒரே வரியில் ஒரு குடும்பத்தின் தவிப்பு முடிந்துவிடும்.

எழுதி அனுப்பும் முறையைப் பழகுங்கள். செய்தி எண், முன்னுரிமை, அனுப்பும் நிலையம், எத்தனை சொல், நேரம், பெறுபவர், பிறகு செய்தி. அனுப்புகிறவர் "பன்னிரண்டு சொல்" என்று முன்பே சொல்லிவிடுவார், வாங்குகிறவர் எழுதி முடித்ததும் எண்ணிப் பார்ப்பார், பதினொன்று வந்தால் எங்கோ ஒன்று விட்டுப்போயிற்று என்று அங்கேயே தெரிந்துவிடும். மருந்துப் பெயர், பெயரின் எழுத்துகள் எல்லாம் எழுத்து எழுத்தாக, எண்கள் ஒவ்வொரு இலக்கமாக. நீங்கள் எழுதிக்கொள்ளும் வேகத்துக்குத்தான் அவர் படிக்க வேண்டும், கூச்சப்படாமல் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நீண்ட பட்டியல் என்றால் குரலில் படிக்காமல் வின்லிங்க் மாதிரி ரேடியோ மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது, ஆனால் அது இரண்டாம் கட்டம்.

உங்கள் ரிப்பீட்டரில் வாராந்தர நெட் இருக்கும், இல்லாவிட்டால் மாலையில் பேசும் அந்த நான்கைந்து பேரிடம் கேட்டு ஒன்றைத் தொடங்குங்கள். முதல் வாரம் இருபது சொல்லுக்குள் ஒரு செய்தி எழுதி அனுப்பிப் பாருங்கள், அவர்கள் எண்ணிச் சரிபார்த்துத் திருப்பிச் சொல்லட்டும். அடுத்த வாரம் ரிப்பீட்டரை அணைத்துவிட்டு அதையே சிம்ப்ளெக்ஸில் செய்யுங்கள். யார் யாருக்கு யாரைக் கேட்கிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி பேரிடர் மேலாண்மை அலுவலகத்துக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ளலாம்.